படத்தில் நாய்க்குப் பெயர் இருந்தது

உங்கள் ஊரில் உழைத்தே செத்துப்போன பெண்கள் பத்துப் பேரின் பெயரை எந்தப் புத்தகத்தைத் திறந்து காட்டுவீர்கள்?

தெய்வம்மாவால் காட்ட முடியும். அவரிடம் பதினான்கு பதிவேடுகள் இருக்கின்றன. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் குழந்தைகள் காப்பகத்து ஆயாவாக இருந்தவர். எட்டு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்ததால், அவருக்கு அந்தக் காப்பகம் இன்றும் ‘பிள்ளைமடுவம்’தான்.

தோட்டத்து வருகைப் பட்டியலில் பெண்கள் வெறும் எண்கள். குடும்ப அட்டையில் இன்னாரின் மனைவி. காப்பகத்தில் மட்டும் அப்படி ஒப்பேற்ற முடியாது. பத்து மணிக்குப் பால் கொடுக்க எந்தத் தாய் வரவேண்டும் என்று தெரிந்தாக வேண்டும். அதனால் தாயின் பெயர் எழுதப்பட்டது. வராத நாளில் காரணத்தையும் எழுதிவைத்தார். ‘மருதாம்பாள் வரவில்லை. ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் சறுக்கி விழுந்தாள். லீவு தரவில்லை.’ ‘ராமாத்தாள் வரவில்லை. மேஸ்திரி விடவில்லை. பிள்ளை பன்னிரண்டு மணிவரை அழுதது.’

காப்பகத்தை மூடியபோது பதிவேடுகளை ஃபேக்டரி அடுப்பில் போடச் சொன்னார்கள். தெய்வம்மா கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தார். பிறகு ஆறு வருஷம் கொழுந்து பறித்தார். இப்போது ஓய்வு, மாதக் கடைசியில் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டும். கணவர் போய்ச்சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. திருப்பூரில் தங்கை மகன் வீட்டில் ஒரு மூலை கிடைக்கும். அங்கே ஒரு பெட்டிக்குமேல் இடமில்லை.

பத்து வீட்டு லயத்தில் ஆள் இருப்பது மூன்றில். அவர் தூக்கி வளர்த்த பிள்ளைகளில் ஒருவர்கூட தோட்டத்தில் இல்லை. மாலையில் ஒரு பதிவேட்டை எடுத்துப் பெயர்களை வாய்விட்டுப் படிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் சற்று நிறுத்துவார், யாரோ ‘வந்துட்டேன்’ என்று சொல்லப்போவதுபோல.

போன வாரம் இரண்டு பதிவேடுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஊட்டிக்கு பஸ் ஏறினார். மார்க்கெட்டுக்கு மேலே ஏறும் சந்தில் உள்ள சிறிய நூலகத்தில் பெண்கள் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்டார். நூலகர் சசிரேகா காட்டிய தட்டில் அரசிகள் இருந்தார்கள். தலைவர்களின் மனைவிகள் இருந்தார்கள். தேயிலை பறித்தவர்களைப் பற்றிக் கேட்டதும் வேறு அலமாரியிலிருந்து கனத்த தோட்ட வரலாறு ஒன்று வந்தது. அதில் ஒரு படம். முன்னால் துரை, காலடியில் நாய், பின்னால் முப்பது பெண்கள். அடியில் துரையின் பெயர், நாயின் பெயர், அப்புறம் ‘தொழிலாளர்கள்’.

தெய்வம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“இந்தா, இடுப்புல பிள்ளையோட நிக்கிறது நான்தான் மேடம். இந்த நாய்க்குப் பேரு சீசராமா? நாங்க கடியன்னுதான் கூப்பிடுவோம்.”

சசிரேகா சிரித்தார். பதிவேட்டைப் புரட்டியதும் சிரிப்பு நின்றுபோனது. இவற்றை இங்கே வைத்துக்கொள்ள முடியுமா என்று தெய்வம்மா கேட்டார்.

“அச்சடிச்ச புத்தகம்னா இப்பவே வாங்கிக்குவனுங்க. இது நோட்டுங்களே. வாசகருங்க கேக்கறாங்கன்னு கமிட்டிக்குக் காட்டோணும். இருபது பேராவது எழுதியிருந்தா நான் பேசிப் பாக்கறனுங்கம்மா.”

மேசைமேல் வாசகர் கருத்து நோட்டு கிடந்தது. கடைசியாக யாரோ குடை வைக்க இடம் கேட்டிருந்தார்கள். அதன் கீழே தெய்வம்மா பழகிய கையெழுத்தில், பழகிய முறையில் எழுதினார்: ‘தெய்வம்மா. தாய் பெயர் மாரியாயி. பிள்ளைமடுவத்துப் பதிவேடுகள் இங்கே வேண்டும்.’ பிறகு பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

அச்சில் ஏறியதுதான் வரலாறு என்று தீர்மானித்தவர்கள் யார்? அச்சு இயந்திரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள். அந்தத் தீர்ப்புக்கு நாம் ஏன் இன்னும் தலையாட்ட வேண்டும்?

இதை எழுதும்போது அந்த நோட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. மாதம் முடியப் பதினொரு நாள். ஊட்டிக்கு வந்தால், படகில் ஏறுமுன் அந்தச் சந்தில் ஏறுங்கள். நோட்டைக் கேட்டு வாங்கி உங்கள் பெயரை எழுதுங்கள். பக்கத்தில், அவர் எழுதியதுபோலவே, உங்கள் தாயின் பெயரையும் எழுதுங்கள்.