படகு மூடிக்குத் தக்கை போட்டவன்

நாங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில், நிறை போடும் வரிசையில் என் தம்பி ஐயாவு எனக்கு முன்னால் நிற்பான். அவனுக்கு முன்னால் ராக்காயி. அவளுக்கு இழுப்பு நோய். பாதி மரத்தோடு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு முகம் துடைத்த நேரம், ஐயாவு தன் பாலைச் சாய்த்து அதில் ஊற்றினான். அவளுக்குத் தெரியாது. நான் பார்த்துவிட்டேன். சொல்லாதே என்பதுபோல் தலையை ஆட்டினான். அடுத்த ஆண்டு மாரியம்மன் கோயிலில் அவளுக்கே தாலி கட்டினான்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் செமோருக்கு வந்தோம். எழுபத்தேழில் அவனுக்குப் பாரிட் புந்தார் ஆற்றில் வேலை கிடைத்தது. தவுக்கே என்று நாங்கள் சொல்லும் ஒரு சீன முதலாளியின் மணல் ஏற்றும் இரும்புப் படகு. டீசல் களவு போகாமல் இருக்க அவன் படகிலேயே தங்க வேண்டும். பெண்சாதியும் தங்கலாம் என்று தவுக்கே சொல்லியிருந்தார்.

தளத்துக்குக் கீழே சின்ன அறை. அதில் இறங்கும் வழிக்குக் கனத்த இரும்பு மூடி. அறையைச் சுற்றிலும் பலகை அடித்திருந்தது. மூடி மட்டும் வெறும் இரும்பு. மழை பெய்தால் அதிலிருந்து சொட்டுச் சொட்டாகப் படுக்கையில் விழும். இழுப்புக்காரி அங்கே எப்படிப் படுப்பாள்? ராக்காயி செமோரில் என்னோடு இருந்தாள். மாதம் ஒரு ஞாயிறு அவன் பஸ் ஏறி வருவான். அவனை அனுப்பிவிட்டு வந்தால், அவன் குடித்த கோப்பையை அன்றைக்கு அவள் கழுவ மாட்டாள்.

மழைதான் உள்ளே ஒழுகுகிறது என்று ஐயாவு நினைத்தான். தோட்டத்து ஆட்களான எங்களுக்குச் செருப்பு கிழிந்தாலும் வாளி ஓட்டையானாலும் ரப்பர் பால்தான் மருந்து. ஒரு டின் பால் வாங்கி மூடியின் விளிம்பெல்லாம் பூசி அடைத்தான். உள்பக்கம் துருவைக்கூடச் சுரண்டாமல் பழைய மெத்தைப் பஞ்சை அதே பாலால் ஒட்டினான். ராக்காயியைக் கூட்டிக்கொண்டு போனான். இருபது நாள்தான். பஞ்சு ஊறி, கறுப்பாய்ப் பூஞ்சணம் பிடித்து, புளித்த நாற்றத்தோடு மொத்தமும் அவர்கள் மேலேயே விழுந்தது. மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்துவிட்டு அவள் என்னிடமே திரும்பினாள். கொண்டுவந்து விட்டவன் வாசலிலேயே நின்று போய்விட்டான். வெள்ளிக்கிழமைதோறும் அம்மாளுக்கு விளக்கேற்றி, இவர்களை ஒரே கூரைக்குக் கீழே வை தாயே என்று கேட்டேன்.

ஆற்றோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மதார் சாகிப்பிடம் அவன் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறான். அவர் ஐஸ் போட்ட கிளாஸை அவன் முன்னால் வைத்தாராம்.

"ஏன் மச்சான், இந்தக் கிளாஸ் ஓட்டையா? வெளிய பூரா தண்ணியா நிக்குதே."

மழையில் குளிர்ந்த இரும்பில், அறைக்குள் சோறு வேகும் ஆவியும் ஆட்களின் மூச்சும் பட்டு வேர்க்கிறது, காற்று இரும்பைத் தொடவே கூடாது என்று விளக்கினார். உடைந்த ஐஸ் பெட்டியிலிருந்த தக்கைப் பலகைகளையும் கொடுத்தார்.

அதன்பிறகு மூன்று மாதம் ஐயாவு வரவில்லை. ஞாயிறுதோறும் ராக்காயி நல்ல சேலை கட்டி, பஸ் சத்தத்துக்கெல்லாம் எழுந்து எழுந்து உட்காருவாள். என்னை விட்டுட்டாரா அக்கா என்று ஒருநாள் கேட்டாள்.

தீபாவளி கழித்து வந்தான். நகமெல்லாம் சிவப்புச் சாயம். மூடியின் துரு போகச் சுரண்டி, சாயம் இரண்டு தடவை அடித்து, காயவிட்டு, இடுக்கில்லாமல் தக்கையை ஒட்டி, மேலே பலகை அறைந்து, ஓரமெல்லாம் அடைத்திருந்தான். மூடி உட்காரும் இடத்தில் லோரி டியூபை வெட்டி வைத்திருந்தான். அடுப்பையும் மேல் தளத்துக்கு மாற்றிவிட்டான். ஒரு மழைக் காலம் தானே படுத்துப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட வந்தானாம்.

பதினாலு மாதம் அவர்கள் சேர்ந்து இருந்தார்கள். போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்து நினைத்து, முட்டி வலி என்று தள்ளிப்போட்டேன். எண்பத்திரண்டு தைப்பூசத்துக்கு முந்தின வாரம், படகுத் தளத்திலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டான். ராக்காயி மறுபடி என்னோடுதான் இருக்கிறாள். ஒரு நாளும் படுக்கை நனையவில்லை என்கிறாள். மழை பிடித்தால் எங்கள் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

நான் அவனை உயிரோடு கடைசியாகப் பார்த்தது அந்தத் தீபாவளிக்குப் பிறகு, அவளை அழைத்துக்கொண்டு கிளம்பிய அன்றுதான். பஸ் படியில் அவள் பெட்டியைத் தோளில் வைத்தபடி, வெயில் காலத்தில் ஒருதடவை வந்து பார்க்கிறேன் என்று நான் சொன்னதற்குச் சிரித்தான்.

"வெயிலுக்கு எல்லா மூடியும்தான் காஞ்சு கெடக்கும். மழ நாளாப் பாத்து வாக்கா. கீழ வந்து படுத்துப் பாரு. ஒரு சொட்டு விழுந்தா, இவள ஒன் வீட்டுக்கே அனுப்பிடுறேன்லா."