ஏர் ஃப்ரையரின் பின்பக்கம்

என் மனைவிக்குச் சர்க்கரை நோய். அவளுக்காகக் கல்வராயன் மலைக் கேழ்வரகு மாவில் பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேர்த்து, ஏர் ஃப்ரையரில் ரொட்டி சுடுகிறேன். நூற்றறுபது டிகிரி, இருபத்தைந்து நிமிடம். போன மாதம் ஒரு நாள், அடுப்பு மேடையில் அதைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழாவது நிமிடத்தில் அவள் ஓடி வந்தாள்.

“நல்லா எண்ணிக்கினே இருங்க! ரப்பர் தீயற நாத்தம் உங்களுக்கு வர்லயா?”

“கேழ்வரகு வாசனை அப்படித்தான்” என்றேன்.

அவள் பின்னால் எட்டிப் பார்த்தாள். உடனே குனிந்து சிலிண்டரை மூடினாள். ஏர் ஃப்ரையரின் பின்பக்கத் துளை வழியே வந்த சூட்டில், சுவரோரம் கிடந்த கேஸ் டியூப் இளகிப் பள்ளம் விழுந்திருந்தது. ரொட்டி வேக இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

டியூபை அன்றே மாற்றினோம். இப்போது கூடத்து மேசையில், சுவரிலிருந்து ஒரு சாண் அளந்து தள்ளி வைத்துத்தான் சுடுகிறேன். இருபத்தைந்து நிமிடமும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன். என் மூக்கை நான் நம்புவதில்லை.