முதுகில் கூடையோடு தூங்கியவர்

எங்கள் எஸ்டேட் டாக்டர் அந்த மனிதரின் மூக்கைப் பார்க்காமலேயே "சோம்பேறி" என்று எழுதிக் கொடுத்தார்.

சிலோனிலிருந்து கப்பலில் வந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியேறியவர் அவர். அகலத் தோள், மூக்கு மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும்போது நின்றபடியே கண்ணயர்ந்துவிடுவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காலிக் கொழுந்துக் கூடை ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏனுங்க, தூங்கறப்பவும் என்னத்துக்குங்க கூடை?"

"மல்லாந்தா மூச்சு நின்னு போகுது தம்பி. கூடை இருந்தா உருள ஏலாது. மூக்குத் தண்டு கோணல். ரெண்டு ஓட்டையில ஒண்ணுக்குத்தான் இந்தியா பாஸ்போர்ட் கெடச்சிச்சு."

நான் நம்பவில்லை. மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கூடைக் கயிறு அவிழ்ந்து அவர் மல்லாந்ததும் குறட்டை பட்டென்று நின்றது. மார்பு எழுந்து தாழ்ந்தது, மூச்சு வரவில்லை. இருபது எண்ணுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. திணறி எழுந்தவர், கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டு படுத்தார். இரவெல்லாம் கயிறு அவிழ அவிழ இப்படி விழிப்பவர் பகலில் தூங்காமல் என்ன செய்வார்?

டாக்டரின் சீட்டைக் காட்டி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். எஸ்டேட் சொத்து என்று கூடையையும் பிடுங்கிக்கொண்டார்கள். எங்கே போனாரோ, எதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாரோ.

காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்துக்கு டாக்டர் வரட்டும். அத்தனை பேர் முன்னாலும் சொல்லட்டும்: அந்த மூக்கில் ஒரு தடவையாவது விளக்கடித்துப் பார்த்தாரா?