படிகாரம் தடவிய வேதசிரோமணி

சேலையூர் கேம்ப் ரோட்டில் எழுபதுகளில் குடியிருந்தவர்களுக்கு வேதசிரோமணியைத் தெரிந்திருக்கும். பெருமாள் டாக்டர் கிளினிக்கில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற கம்பவுண்டர். வலிக்காமல் கட்டுவார் என்று பேர். ஆனால் அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் அவர் கட்டுப் போட்டதெல்லாம் மனிதர்களுக்கு இல்லை, பந்தயக் குதிரைகளுக்கு என்பது அங்கே பலருக்குத் தெரியாது.

தெரியாமல் பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி ஜெயசீலி. "கால்நடை ஆஸ்பத்திரியில இருக்கார்" என்று சபையில் சொல்லி வைத்திருந்தார். ஜெயசீலி பள்ளிக்கூட டீச்சர், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். குதிரையும் கால்நடைதானே, இதில் பொய் எங்கே இருக்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். குதிரைப் பந்தயம் பிசாசின் வேலை என்று பிரசங்கம் கேட்டுவிட்டு வருகிற கூட்டத்தில், என் வீட்டுக்காரர் பந்தயக் கிளப்பில்தான் சம்பளம் வாங்குகிறார் என்று எந்த வாயால் சொல்வது?

விஷயம் தெரிந்த ஒரே ஆள் சபை மூப்பர் சத்தியநாதன். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவே வேண்டாம். ஆராதனை முடிந்ததும் வேதசிரோமணியைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போய், "தம்பி, சனிக்கிழமைக்கு எது நல்லாருக்கு?" என்று காதைக் கடிப்பார். கக்கத்தில் வேதாகமம் இருக்கும். வேதசிரோமணி ஒருநாளும் பதில் சொன்னதில்லை. மூப்பரும் ஒரு வாரம்கூடக் கேட்காமல் விட்டதில்லை.

அறுபத்திரண்டாம் வருஷம் அந்தக் கிளப்பின் குதிரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது வேதசிரோமணிக்கு முப்பது வயது. தாம்பரத்தில் முதல் மின்சார ரயிலைப் பிடித்து லாயத்துக்குப் போவார். சுளுக்கிய காலுக்குக் கட்டு, குளம்புப் புண்ணுக்கு மருந்து, வயிற்று வலி வந்த குதிரையைப் படுக்கவிடாமல் நடத்திக்கொண்டே இருப்பது, இதுதான் வேலை. மற்றவர்களை உதைக்கிற குதிரைகூட அவர் கைக்கு அடங்கி நிற்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பந்தய நாட்களில் மட்டும் இன்னொரு வேலை இருந்தது. ஜாக்கி சவுக்கால் அளவுக்கு மீறி அடித்தான் என்று புகார் வந்தால், பந்தயம் முடிந்த அரை மணிக்குள் அடிபட்ட இடத்தில் வெள்ளைப் பஞ்சை அழுத்தி எடுக்க வேண்டும். பஞ்சைக் கவரில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போட வேண்டும். விசாரணையில் பந்தய நடுவர்களான ஸ்டீவர்டுகள் கவரைப் பிரிப்பார்கள். பஞ்சு சிவப்பாக இருந்தால் ஜாக்கிக்கு ஒரு மாதம் தடை, குதிரைக்கு ஆறு வாரம் ஓய்வு. வெள்ளையாக இருந்தால், இனிமேல் பார்த்து நடந்துகொள் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

நாற்பது அடி அடித்துத் தோல் விரல் கனத்துக்கு வீங்கியிருந்தாலும், ரத்தம் வரவில்லை என்றால் அது அடியே இல்லை. குதிரையை நேரில் வந்து பார்த்தால் என்ன என்று யாருக்கும் தோன்றவில்லை. லாயத்துக்கு வந்தால் பெரிய மனிதர்களின் பூட்ஸில் சாணி ஒட்டும். ஏசி அறையில் மேஜை மேல் வைத்த பஞ்சைப் பார்த்துத்தான் அவர்கள் நியாயம் சொன்னார்கள்.

அறுபத்து நாலில் ரவி வந்தான். கோவிலம்பாக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை, ஜாக்கியாகி அது அவனுக்கு முதல் சீசன். ஒரு பந்தயத்தின் கடைசி நூறு கஜத்தில் பதறிப்போய்க் கண்டபடி அடித்துவிட்டான். குதிரையின் பின்தொடையில் இரண்டு இடத்தில் தோல் கிழிந்திருந்தது. வேதசிரோமணி பஞ்சை எடுத்துக்கொண்டு போனபோது அவன் லாய வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"அண்ணா, ஒரு மாசம் நிறுத்திட்டாங்கன்னா அப்டியே வூட்டுக்கு அனுப்சிடுவாங்கண்ணா. திரும்ப எட்த்துக்க மாட்டாங்க. இந்த ஒரு தபா காப்பாத்துண்ணா" என்று காலைப் பிடித்துக்கொண்டான்.

வேதசிரோமணிக்கு மனசு இளகிவிட்டது. மருந்துப் பெட்டியில் குளம்புப் புண்ணுக்கு வைத்திருந்த படிகாரக் கட்டி கண்ணில் பட்டது. சவரம் செய்து கன்னத்தில் வெட்டிக்கொண்டால் அதைத் தேய்த்து ரத்தத்தை நிறுத்துவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. நனைத்து, கிழிந்த தோலின் மேல் அழுத்தித் தேய்த்தார். குதிரைக்கு உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. ரத்தம் நின்றது. பிறகு பஞ்சை வைத்தார். வெள்ளையாக வந்தது. கையெழுத்துப் போட்டார். ரவி பிழைத்தான்.

இதையெல்லாம் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாரி பார்த்துக்கொண்டிருந்தார். மாரி அந்தக் குதிரையைப் பராமரிப்பவர். அடுத்த சீசனுக்குள் ஒவ்வொரு லாயத்திலும் ஒரு படிகாரக் கட்டி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அருவருப்பு. முன்பெல்லாம் பஞ்சு சிவந்துவிடுமோ என்ற பயத்திலாவது ஜாக்கிகள் கையை அடக்கினார்கள். இப்போது அந்தப் பயமும் விட்டுப் போயிற்று. இஷ்டத்துக்கு அடித்தார்கள். அடிபட்ட ரணத்தில் மறுபடி படிகாரத்தின் எரிச்சல். குதிரையைக் காப்பாற்றப் போட்ட சட்டத்தால் குதிரைக்கு இரண்டு தடவை வேதனை. கவர் பிரிக்கப்படும், வெள்ளைப் பஞ்சைப் பார்த்து ஸ்டீவர்டுகள் திருப்தியாகத் தலையாட்டுவார்கள், டீ வரும். நம் மைதானத்தில் சவுக்கடி ஒழிந்துவிட்டது என்று வருஷக் கூட்டத்தில் பெருமையடித்துக்கொண்டார்களாம். தூ!

வேதசிரோமணி எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையெழுத்தும் போட்டார். வாயைத் திறந்தால் முதலில் வெளியே வருவது தன் பெயர்தான் என்று அவருக்குத் தெரியும். ஆறு வருஷம் அப்படியே ஓடியது. ரவி பெரிய ஜாக்கி ஆகிவிட்டான், கார், கறுப்புக் கண்ணாடி, பேப்பரில் படம். நன்றி மறக்காதவன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சேலையூருக்குப் பெரிய கேக் அனுப்பினான். ஜெயசீலி அதை வெட்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார். வேதசிரோமணி மட்டும் வயிறு சரியில்லை என்று சொல்லித் தொடமாட்டார்.

எழுபத்தொன்றில் பொங்கல் கழிந்த சனிக்கிழமை, லிட்டில் கிரேஸ் ஓடியது. நாலு வயசு செம்பட்டைக் குதிரை. வேதசிரோமணியைக் கண்டால் அவர் தோளில் மூக்கை வைத்து மூச்சு விடும். அன்றைக்கு அதன் மேல் ரவி. ஜெயிக்கிற மாதிரி இருந்த குதிரை கடைசி வளைவில் கொஞ்சம் பின்தங்கியது. ரவி அடித்த அடியைப் பார்த்து மாடத்தில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டு விருந்தாளி ஒருவரின் மனைவி எழுந்து நின்று கத்திவிட்டார். அதனால்தான் விசாரணை வைத்தார்கள். நம் ஊர்க்காரர் யாராவது கத்தியிருந்தால் பந்தயம் கட்டிய டிக்கெட் தோற்ற ஆத்திரம் என்று விட்டிருப்பார்கள்.

வேதசிரோமணி லாயத்துக்குள் நுழையும்போது மாரி ஏற்கெனவே படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கிரேஸின் இடுப்பிலிருந்து தொடை வரை பட்டை பட்டையாகத் தடித்து, நாலைந்து இடத்தில் தோல் விட்டிருந்தது. அது எதிரே இருந்த மரச்சட்டத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றது. வேதசிரோமணி கிட்டே போய்க் கழுத்தைத் தொட்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

"முடிஞ்சிதுண்ணா. வந்து பஞ்ச வெய்யி. இன்னா பாத்துகினு கீறே?" என்றார் மாரி.

"அடுத்த சனிக்கிழமை கப் ரேஸ்ல இதுதான் ஓடுதா?"

"ஆமா, ரவிதான் ஏறுது. பஞ்சு வெள்ளையா வந்தா ஓடித்தானே ஆவணும்."

"இன்னொரு தடவை இப்படி அடி வாங்கினா என்ன ஆகும் மாரி?"

"தாங்காதுண்ணா. பின்னங்காலு ஏற்கெனவே இழுக்குது. வுழுந்தா சுட்டுடுவாங்க."

"ஒனக்குப் பாவமா இல்லையா?"

மாரி படிகாரக் கட்டியைக் கைத்துண்டில் துடைத்தார். "பாவமாத்தான் கீது. இன்னா பண்றது? நீதானேண்ணா கத்துக் குட்த்தே."

கோபமாக அவர் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். வேதசிரோமணி பஞ்சை அழுத்தி எடுத்துக் கவரில் போட்டு ஒட்டினார். வெளியே வந்து சாக்கடை ஓரமாகக் குனிந்து மத்தியானம் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தார்.

விசாரணை திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெயசீலி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, ஆறு வருஷக் கதையை முதல் தடவையாக மனைவியிடம் சொன்னார். ஜெயசீலி சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"படிகாரம் தடவறாங்கன்னு சொல்லுங்க. கண்டிப்பா சொல்லணும்" என்றார் கடைசியில். "ஆனா நீங்கதான் ஆரம்பிச்சீங்கன்னு எதுக்குச் சொல்லணும்? அதை யாரும் கேக்கப் போறதில்லையே."

அது புத்திசாலித்தனமான யோசனைதான். வேதசிரோமணியும் அப்படியே செய்வதாகத்தான் போனார்.

ஸ்டீவர்டுகள் மூன்று பேர். நடுவில் தலைவர், வெள்ளை சூட்டு, சட்டைப் பையில் ரோஜா. ரவி எதிரே கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக நின்றான். தலைவர் கவரைப் பிரித்தார். பஞ்சு வெள்ளை வெளேர் என்று இருந்தது. "சந்தோஷம்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், அந்தப் பஞ்சை நாக்குல வெச்சுப் பாருங்க. துவர்க்கும். ரத்தம் தெரியக்கூடாதுன்னு படிகாரம் தடவியிருக்கு" என்றார் வேதசிரோமணி.

தலைவர் பஞ்சை மேஜையில் போட்டுவிட்டுக் கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். மூன்று பேர் முகத்திலும் அப்படி ஓர் அருவருப்பு. குதிரையை அடித்ததற்கு வராத அருவருப்பு, அதன் மேல் வைத்த பஞ்சை நாக்கில் வைக்கச் சொன்னதும் வந்துவிட்டது. "நீயே வைத்துப் பார்" என்றார் ஒருவர். வேதசிரோமணி பஞ்சை எடுத்து நாக்கில் வைத்தார். துவர்த்தது.

"சார், நம்ம ஆளுங்க திருஷ்டிக்குப் படிகாரம் சுத்திப் போடுவாங்க. அது பட்டிருக்கும்" என்றான் ரவி. குரல் நடுங்கவே இல்லை. தலைவருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப் போயிற்று. நாட்டு வழக்கம், மூட நம்பிக்கை, நாம் என்ன செய்ய முடியும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். கப் பந்தயத்துக்கு ஐந்தே நாள் இருக்கிறது, இதோடு முடித்துக்கொள்ளலாமே என்றார். ரத்தத்தை மறைக்கத்தான் தடவினார்கள் என்பதற்கு உன்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று மூன்றாமவர் பேருக்கு ஒரு கேள்வி கேட்டார்.

வேதசிரோமணி ரவியைப் பார்த்தார். ரவி மெல்லத் தலையை ஆட்டினான், வேண்டாம் அண்ணா என்கிற மாதிரி.

"நான்தான் ஆதாரம் சார்" என்றார் வேதசிரோமணி. "அறுபத்து நாலுல இந்த ரவிக்காக நான்தான் முதல்ல தடவினேன். என் பெட்டியிலேர்ந்து எடுத்துத் தடவினேன். என்னைப் பாத்துத்தான் எல்லாரும் கத்துக்கிட்டாங்க. இத்தனை வருஷமா நான் கையெழுத்துப் போட்ட எந்தக் கவரையும் நீங்க நம்பக்கூடாது."

அவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்துக் கிளார்க் வந்து தீர்ப்பைச் சொன்னான். பஞ்சின் மேல் சந்தேகம் வந்துவிட்டபடியால் லிட்டில் கிரேஸுக்கு ஆறு வாரம் ஓய்வு. பஞ்சில் ரத்தம் காணப்படாதபடியால் ரவிக்கு எச்சரிக்கை மட்டும். ஒரே பஞ்சுதான்! வேதசிரோமணி விஷயம் பிறகு தபாலில் தெரிவிக்கப்படும்.

கிரேஸ் பிழைத்தது. அது மட்டும் நிஜம். சனிக்கிழமை ரவி வேறொரு குதிரையில் ஏறிக் கப்பை ஜெயித்தான். தலைவரே கையைக் குலுக்கிக் கொடுத்தார், மறுநாள் பேப்பரில் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் சத்தியநாதன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "கிரேஸ் ஓடாதுன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். வேதசிரோமணி அன்றைக்குத்தான் அவருக்கு முதல் தடவையாகப் பதில் சொன்னார். சபை வாசலில் சொல்லக்கூடாத வார்த்தை அது.

கடிதம் பத்து நாள் கழித்து வந்தது. ஜெயசீலிதான் பிரித்து நின்றபடியே படித்தார். குதிரைகளைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்காக, கிளப் விதிகளின்படி, கம்பவுண்டர் வேதசிரோமணி வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். அவர் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் அந்த விதியின் கீழ் ஒருவரையும் அவர்கள் நீக்கியதில்லை. ஜாக்கிகள், டிரெயினர்கள், சொந்தக்காரர்கள் யாரையும் இல்லை. அவர்தான் முதல் ஆள்.

ஜெயசீலி கடிதத்தை அவரிடம் நீட்டினார். "கொடுமையா? நீங்களா? குதிரைக்குக் கட்டுப் போட்ட மனுஷனைப் பாத்து! கிழிச்சுப் போடுங்க இதை. வாய் கூசாம பொய் எழுதியிருக்கானுங்க."

வேதசிரோமணி கடிதத்தை வாங்கி மடித்தார்.

"பொய் இல்ல ஜெயசீலி. நான் தேச்சப்போ அந்தக் குதிரை நடுங்கினதை நான்தானே பாத்தேன். எழுதினது எல்லாம் சரிதான். என் ஒருத்தன் பேரோட நிறுத்திட்டாங்க பாரு, அதுதான் பொய்."