ராகுகாலம் பார்க்காத விமானம்

1. பூட்டிய வீடு

பீளமேட்டில் முதலாளியின் தங்கை வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால், கதவில் பெரிய பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சேம்பிள் பெட்டி உள்ளே சாமி அறையில். நானும் முதலாளியும் வெளியே. விமான நிலையம் கூப்பிடு தூரத்தில். கொச்சி விமானம் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான்.

பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டுச் சுவரருகே வந்தார்.

"காதுகுத்துக்குப் போயிருக்குதுங்க. அண்ணன் எப்படியும் ராகுகாலம் கழிச்சுத்தான் வருவாரு, அதுக்குள்ள வந்தர்றேன்னு சொல்லிட்டுப் போச்சுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பூட்டைப் பார்த்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். இன்று எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நீங்கள் காலையில் பறந்து போய், மாலையில் திரும்பி வந்து, அதையும் அலுப்பாகச் சொல்கிறீர்கள். நான் சொல்வது எழுபதுகளின் தொடக்கம். திருப்பூர் பனியன் உள்நாட்டுக் கடைகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனியில் நான் டெஸ்பாட்ச். பெயர்தான் டெஸ்பாட்ச், பனியன் மூட்டைகளைப் பேல் கட்டுவது, லாரி ஆபீசில் புக் பண்ணுவது, கம்பெனியின் பழைய காரில் சேம்பிளை ஏற்றிக்கொண்டு பெங்களூர், மதுரை, கொச்சி என்று வியாபாரிகளிடம் கொண்டுபோய்க் காட்டுவது எல்லாம் நான்தான். காரை ஓட்டுவதும் நானே, பஞ்சர் ஒட்டுவதும் நானே.

கொச்சியில் ஒரு சேட்டு வந்து தங்கியிருக்கிறார், ஆப்பிரிக்காவில் அவருக்குக் கடைகள் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை மாலை கப்பலேறுவதற்குள் பனியனுக்கு ஆர்டர் போடப்போகிறார் என்று புரோக்கர் மூலம் தகவல் வந்தது. அப்போது எங்கள் நிலைமை நன்றாக இல்லை. மெஷின்களில் பாதி சும்மா நின்றன. இந்த ஆர்டர் கிடைத்தால் எல்லா மெஷினும் ஓடும்.

"ராத்திரி மெயில்ல ஏறுனா விடியறப்ப எர்ணாகுளமுங்க. நம்ம ஸ்டேசன்லயே ஏறிக்கலாமுங்க" என்றேன்.

"ரயில்ல போனா சட்டை கசங்கிப் போயிருமப்பா. கசங்குன சட்டையோட போயி நின்னா சேட்டு நம்மள மதிப்பானா? நா ஏரோப்ளேன்ல போறேன்."

"ஏனுங்க, சட்டையவா விக்கப் போறோம்? பனியனத்தானுங்களே?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. விமான டிக்கெட்டை ஏற்கெனவே வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அந்த வாரம் கம்பெனிக்கு வந்த அத்தனை பேருக்கும் அதை எடுத்துக் காட்டினார். அதோடு விட்டிருந்தால் எனக்கும் ஒன்றுமில்லை. அதற்கு மேலும் ஒரு வார்த்தை சொன்னார்.

"இது சரிப்பட்டு வந்துச்சுன்னா இனிமே சேம்பிளெல்லாம் ஏரோப்ளேன்லயே போயிரும். இந்தக் காரை வெச்சுத் தீனி போடறது தெண்டம். வித்துப்போடலாம்."

காரை விற்றுவிட்டால் அதை ஓட்டுகிறவன் எதற்கு? பேல் கட்ட ஒரு ஆள் போதும், அதற்கு என்னைவிடக் குறைந்த சம்பளத்தில் நாலு பேர் கிடைப்பார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெருமாநல்லூரில் இருந்த என் பங்குக் காட்டில் மழை பெய்தால்தான் ஏதாவது விளையும். ஆகவே அந்த விமானத்தின் மேல் எனக்கு நல்ல எண்ணம் இல்லை. இதை ஒளித்துச் சொல்ல எனக்கு அவசியமும் இல்லை.

2. பெட்டிக்கு நல்ல நேரம்

எங்கள் முதலாளி நாள், நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசைக்குப் பயணம் ஆகாது. கொச்சி மேற்கேதான் இருக்கிறது. போதாததற்கு விமானம் கிளம்புவது ராகுகாலத்துக்குள். டிக்கெட் வாங்கும்போது இதெல்லாம் நினைவில்லை, வாங்கிய பிறகு வந்துவிட்டது.

அதற்கு நம்மிடம் வழியா இல்லை? பரஸ்தானம் வைத்தார். புறப்பட வேண்டிய நாள் நன்றாக இல்லையென்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் நம் பயணப் பொருள் ஒன்றைக் கொண்டுபோய் வழியில் இன்னொரு வீட்டில் வைத்துவிடுவது. பொருள் கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்ட கணக்கு. பிறகு அந்த வீட்டில் அதை எடுத்துக்கொண்டு பயணத்தைத் தொடரலாம். சிலர் குடையை வைப்பார்கள், சிலர் ஒரு வேட்டியை. முதலாளி சேம்பிள் பெட்டியையே வைத்தார். காரியம் எதுவோ அதையே வைத்தால் பலன் கூடுதல் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

வியாழக்கிழமை நான்தான் பெட்டியைக் கொண்டுபோய் அவர் தங்கை கையில் கொடுத்தேன். அந்த அம்மா சாமி அறையில் வைத்து, மஞ்சள் குங்குமம் போட்டு, கும்பிட்டுவிட்டுத்தான் எனக்குக் காப்பி கொடுத்தார். விமான நேரம் தெரியாத அந்த அம்மா போட்ட கணக்கிலும் தப்பில்லை. ராகுகாலத்தில் அண்ணன் நம் வீட்டுப் படியில் கால் வைத்து எதையும் எடுத்துக்கொண்டு கிளம்பமாட்டார், எப்படியும் பன்னிரண்டுக்கு மேல்தான் வருவார் என்று நினைத்து நிம்மதியாகக் காதுகுத்துக்குப் போய்விட்டார். அண்ணனும் தங்கையும் ராகுகாலம் பார்த்தார்கள். விமானம் பார்க்கவில்லை.

இனி பூட்டிய வீட்டுக்கு வருவோம்.

"ஒடச்சரலாமுங்களா?" என்று கேட்டேன்.

"மாப்ள ஊட்டுப் பூட்டையா? அப்பறம் நானெப்படி இந்த ஊட்டுக்கு வந்து கை நனைக்கறது?"

அதுவும் சரிதான். தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டின் பூட்டை உடைத்தால் அந்தப் பேச்சு எந்தக் காலத்திலும் தீராது.

விமான நிலையத்துக்குப் போனோம். முதலாளி கவுண்டரில் இருந்தவரிடம் மிகுந்த மரியாதையோடு, "ஏனுங்க, ஒரு அரை மணி நேரம் நிறுத்தி வெச்சீங்கன்னா எங்க தங்கச்சி அம்மிணி வந்துருமுங்க" என்றார். திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் அவருக்காக அவிநாசி பஸ் நின்றிருக்கிறது, அந்தப் பழக்கம். கவுண்டர்காரர் சிரிக்காமல், "சார், இது பஸ் இல்ல சார்" என்றார்.

முதலாளியின் முகம் தொங்கிவிட்டது. கசங்காத வெள்ளைச் சட்டையும் வெறுங்கையுமாக நின்றார். அந்த நிமிடம் நான் நினைத்திருந்தால், விமானத்தால் வந்த வினை என்று பேசாமல் இருந்து வேடிக்கை பார்த்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. மெஷின் நின்றால் அவருக்கும் சோறில்லை, எனக்கும் இல்லை.

"நீங்க ஏறுங்க. போயி சேட்டைப் பேச்சுல நிறுத்தி வையுங்க. பெட்டியோட நா ரோட்டுல வந்தர்றனுங்க."

"கப்பல் கெளம்பறதுக்குள்ள வந்துருவயாப்பா?"

"வந்துட்டனுங்க" என்றேன். வருவேன் என்பதைக்கூட வந்துவிட்டேன் என்றுதான் சொன்னேன். எனக்கு என் வண்டி மேல் அவ்வளவு நம்பிக்கை.

3. வாளையாறு தாண்டி

திரும்பி வந்து பூட்டிய வீட்டு முன்னால் காரை நிறுத்தினேன். பெட்ரோல் ரொப்பியாயிற்று, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. தலைக்கு மேலே விமானம் மேற்கே போனது. அண்ணாந்து பார்த்துப் பல்லைக் கடித்தேன். வேறு வேலை இல்லாததால் காரைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தேன்.

உச்சிவேளை தாண்டித்தான் முதலாளியின் தங்கை வந்தார். தலை நிறையப் பூ, கையில் தாம்பூலப் பை. என்னைத் தனியாகப் பார்த்ததும் திகைத்துவிட்டார்.

"அண்ணன் எங்கீங்க?"

"கொச்சிக்குப் போயிட்டாருங்கம்மா."

"ஐயோ சாமி! ராகுகாலத்துலயா கெளம்புனாரு?"

"அவரு கெளம்புலீங்க. ஏரோப்ளேன் கெளம்பிருச்சுங்க."

அழுகையும் கோபமுமாக ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கிவந்தார். அந்த அவசரத்திலும், வெள்ளிக்கிழமை மேற்கே போவதற்குப் பரிகாரமாக ஒரு கட்டி வெல்லத்தை என் வாயில் போட மறக்கவில்லை. காலையிலிருந்து பட்டினி கிடந்த எனக்கு அதுதான் சாப்பாடு.

வாளையாறு செக்போஸ்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தால், பனியன்களுக்கு மேலே வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், மஞ்சள், ஒரு முழம் பூ. செக்போஸ்ட்காரர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பெட்டியாணோ?" என்றார்.

"சேம்பிளுங்க. வெறும் ஆர்.என். பனியன்" என்றேன். வட்டக் கழுத்து பனியனுக்கு எங்கள் ஊரில் ஆர்.என். என்று பெயர். அவர் ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு, பூவைக் கலைக்காமல் அவரே மூடிக் கொடுத்தார்.

குதிரான் மலை ஏற்றத்தில் வண்டி ஆவி விட்டது. கல் வைத்து நிறுத்தி, ஓடைத் தண்ணீர் பிடித்து ஊற்றி, அது ஆறும்வரை நின்றேன். அப்போதுதான் பயம் வந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இத்தனை வருடமாக இந்த ரோட்டில் போய் வருகிறேன், ஒரு தடவைகூட ஏற்றத்தைத் திட்டியதில்லை. அன்று திட்டினேன். இன்று நேரத்துக்குப் போகாவிட்டால் ஆர்டர் போகும், "ரோட்டுல போனா இப்படித்தான்" என்ற பேச்சு வரும், கார் போகும், நான் போவேன். மறுபடியும் ஸ்டார்ட் பண்ணியபோது வண்டி முதல் திருகலிலேயே எழுந்தது. திரிச்சூர், ஆலுவா என்று எங்கும் நிற்கவில்லை.

4. சேட்டு கையில் இருந்தது

கொச்சித் துறைமுகத் தீவுக்குள் நுழைந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. சேட்டு தங்கியிருந்த கட்டிடத்தில், மூட்டை முடிச்சுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

முதலாளி ஒரு நாற்காலியில் இருந்தார். அந்தச் சட்டைக்கு உள்ளே ஒன்றும் இல்லை. சட்டை மெல்லிசு, அதனால் நன்றாகத் தெரிந்தது. அவர் போட்டிருந்த பனியன் சேட்டு கையில் இருந்தது.

நடந்ததை முதலாளி பிறகு சொன்னார். அவர் விமானம் இறங்கி நேராகப் போனபோது, மேசை மேல் போட்டிக்கு வந்திருந்த கல்கத்தாக் கம்பெனிக்காரரின் பெட்டி திறந்து கிடந்ததாம். சேட்டு பேனாவைத் திறந்துவிட்டாராம். இவரிடம் காட்ட ஒன்றுமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், கசங்காத அந்தச் சட்டையைக் கழற்றி, தான் போட்டிருந்த நம் கம்பெனி பனியனையும் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டார். நல்ல வேளையாக எங்கள் முதலாளிக்கு வேறு கம்பெனி பனியன் போடும் பழக்கம் இல்லை. எத்தனையோ தடவை துவைத்த பனியன் அது.

"வெக்கமா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"வெக்கத்தப் பாத்தா மெசினு ஓடுமாப்பா?"

சேட்டு அந்தப் பனியனின் கழுத்தை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். கழுத்துப் பட்டியின் ரிப் தளரவில்லை. பேனாவை மூடிவிட்டார். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. "துவைச்சது பார்த்தாச்சு. புதுசு எப்படி இருக்கும்? அதைப் பார்க்காமல் எப்படி?" என்று சொல்லிவிட்டு, கப்பலுக்கு நேரமாகும்வரை காத்திருக்க ஒத்துக்கொண்டாராம்.

நான் பெட்டியைத் திறந்தேன். குதிரான் குலுக்கலில் மஞ்சள் கொட்டி, மேலே இருந்த வெள்ளைப் பனியன் நெஞ்சுப் பக்கம் முழுவதும் மஞ்சளாகி இருந்தது.

சேட்டு அதைத்தான் முதலில் கையில் எடுத்தார். முகர்ந்து பார்த்தார். "பூஜையா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். அதை மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். அடுத்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், துவைத்த பனியனோடு பக்கத்தில் வைத்து அளந்தார். இரண்டுக்கும் அளவு ஒத்திருந்தது. அந்தப் பனியன் ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, "இது மாதிரியே வரவேண்டும்" என்று ஆர்டர் தாளோடு எங்களிடமே கொடுத்தார். கீழே அவருடைய வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

5. திரும்பி வந்த வழி

மறுநாள் காலையில் முதலாளி விமானத்தில் ஏறவில்லை. என் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். குதிரான் வந்தது. வண்டி ஆவி விட்ட இடத்தைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார்.

"நா ரயில்ல வந்திருந்தா நீ சொன்னாப்பல விடியறப்பவே வந்திருக்கலாம்" என்றார்.

"செரிதானுங்க. ஆனா பூட்டுன ஊட்டைப் பாத்தப்பறம் நீங்க பறக்காம என்ற கூடக் கார்லயே வந்திருந்தா கல்கத்தாக்காரன் கையெழுத்து வாங்கிட்டுப் போயிருப்பானுங்க" என்றேன். எனக்கே அது கசப்புதான். ஆனால் உண்மை. நான் ஓட்டிய வேகத்துக்கு, நான் மட்டும் வந்திருந்தால் காலி மேசையைத்தான் பார்த்திருப்பேன். அவர் மட்டும் வந்திருந்தால் கையெழுத்து விழுந்திருக்காது. வேகமாகப் போவது எது என்று பிள்ளைகள் என்னைக் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது இதுதான்: முதலில் போய்ச் சேரவேண்டியது ஆளா, சரக்கா என்று பார். பேசவேண்டியவன் பறக்கட்டும். சரக்கை அதோடு கூடவே இருக்கும் ஒருவன் கையில் கொடு. இரண்டையும் பிரித்து எங்கேயாவது வைத்துப் பூட்டிவிடாதே.

காரைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாளையாறு தாண்டியதும் அவரே பேச்செடுத்தார்.

"அடுத்த மாசம் பெங்களூரு போகோணும். ஏரோப்ளேன்லதான் போவேன், இப்பவே சொல்லிட்டேன்."

"சரிங்க" என்றேன்.

"அன்னிக்கு நாளும் செரியில்ல. பாத்துட்டேன். பரஸ்தானம் வெக்கோணும்."

"பெட்டியக் கொண்டுபோயி வெச்சர்றனுங்க."

"பெட்டிய வெச்சுப் பட்டது போதாதா?" என்று சொல்லிவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டே என் தோளில் கை வைத்தார். "முந்தின நாளு நல்ல நேரத்துல நீ காரை எடுத்துட்டு, சரக்கோட கெளம்பிரு. நீ கெளம்புனா நா கெளம்புன மாதிரிதான். இனிமே எனக்கு நீதாம்ப்பா பரஸ்தானம்."

ரோடு மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன். அதன் பிறகு எத்தனையோ ஊருக்கு அவர் பறந்து போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் முந்தின நாளே, நல்ல நேரம் பார்த்து, ஒரு வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு நான் முன்னால் போனேன்.