வடிவாம்பாள் சொன்ன இரண்டு பதில்கள்

காஞ்சிபுரத்தில் பட்டுத் தறிக்காரர் சபாபதிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் வடிவாம்பாள், இளையவன் குமரகுரு. வடிவாம்பாள் கல்யாணம் வேண்டாம் என்று தட்டிக் கழித்தே ஐம்பத்தெட்டு வயதுக்கு வந்துவிட்டாள். கோர்வைப் புடவை நெய்ய ஓர் ஆள் போதாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். ஒருத்தர் நெய்ய, பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்து, கரை நூல் ஓடும் நாடாக் கட்டையைத் தள்ளித் தர வேண்டும். அந்த வேலைக்குத்தான் இருபது வயதில் முசரவாக்கத்திலிருந்து கலையரசி வந்தாள். முதல் வருஷம் சாயங்காலமானால் பஸ் பிடித்து ஊருக்குப் போனாள். அப்புறம் போகவில்லை. முப்பத்தோரு வருஷமாக ஒரே தறி, ஒரே அடுப்பு, ஒரே பாய். தெருவில் யாரும் கேட்டதில்லை. துணைக்கு இருக்கிறாள் என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள்.

கேட்டவள் காயத்ரிதான். சபாபதியின் தங்கை தில்லையம்மாளுக்கு மகள் வயிற்றுப் பேத்தி. சென்னையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள். பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்கிற வீட்டை ஏன் ஒருத்தரும் குடும்பம் என்று எழுதி வைக்கவில்லை என்பது அவள் ஆராய்ச்சி. பேரை மாற்றித்தான் எழுதுவேன், எழுதியதைப் படித்துக் காட்டுவேன், பிடிக்காததை அடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனைப் பதிவுக்கு வைத்தாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்த வடிவாம்பாள் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கலை அத்தை உங்களுக்கு யாரு அத்தை?"

கூடத்தில் குமரகுரு, தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தான்.

"கூலிக்கு வந்தவம்மா" என்றாள் வடிவாம்பாள்.

டீ கொண்டுவந்த கலையரசி கதவண்டையே நின்றாள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். சண்டை போடவில்லை. மறுநாளும் தறியில் உட்கார்ந்தாள், நாடாவைத் தள்ளித் தந்தாள். பாயை மட்டும் சமையல்கட்டுக்கு மாற்றிக்கொண்டாள். வந்தவர்கள் காதில் விழுமே என்று பயந்துதான் வடிவாம்பாள் அப்படிச் சொன்னாள். அவர்கள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. விழுந்தது ஒருத்தி காதில்தான். மன்னிப்புக் கேட்க நாலு தடவை வாயெடுத்தாள். இழை அறுந்திருக்கிறது பார் என்று கலையரசி ஒவ்வொரு தடவையும் பேச்சைத் தறிப்பக்கம் திருப்பிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்துக் காயத்ரி எழுதியதைப் படித்துக் காட்ட வந்தாள். வடிவாம்பாளே தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அந்த வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அத அடிச்சிடுமா. நான் பொய் சொல்லிட்டேன். நானும் அவளும் குடும்பம் நடத்திக்கினு இருக்கறோம்னு எழுது."

குமரகுரு தொண்டையைச் செருமினான். எழுந்து போகவில்லை. காயத்ரி பேனாவை எடுத்தாள். கலையரசிதான் தடுத்தாள்.

"அடிக்க வேணாம்மா. எங்கம்மா களையெடுக்கக் கூலிக்குப் போனவ. எனக்கு அந்தப் பேச்சு கேவலமில்ல. அத வெச்சு இவ என்னைய மறைச்சா பாரு, அதான் கேவலம். ரெண்டும் இருக்கட்டும். ரெண்டும் இவ வாயால வந்ததுதானே."

அடிக்கச் சொல்ல வடிவாம்பாளுக்கு உரிமை உண்டு என்று காயத்ரி மெல்ல ஞாபகப்படுத்தினாள். பேரை மாற்றினாலும் படிக்கிறவர்கள் ஏசப்போவது தன்னைத்தான் என்று வடிவாம்பாளுக்குத் தெரிந்தது. கலையரசியின் முகத்தைப் பார்த்தாள். அது இளகவில்லை.

"இருக்கட்டும்மா. மொதல்ல அத எழுது, அப்புறம் இத" என்று சொல்லி, காயத்ரி கொண்டுவந்த சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.