பெட்டிக்குள் போன என் போன்

நான் ஒட்டும் ரப்பரைப் பார்த்தால் யாருக்கும் மதிப்பு வராது. அழுக்குச் சாம்பல் நிறத்தில் கயிறுபோல இருக்கும். குக்கர் கேஸ்கட் ஆவியை அடைப்பதுபோல இது சிக்னலை அடைக்கும். சாதா சிலிக்கான் ரப்பரில் கரண்ட் பாயாது. இதில் உலோகத் தூள் கலந்திருப்பதால் பாயும். அலுமினியப் பெட்டியின் விளிம்பில் இதைப் பதித்து மூடியை முடுக்கினால், உள்ளே இருக்கும் கருவியை எந்த அலையும் தொட முடியாது.

பெரிய கம்பெனிகளில் இதைச் சோதிக்கத் தனி அறையே உண்டாம். தாராவியில் எங்கள் முதலாளியின் வழி வேறு. மத்தியானம் சாப்பிடப் போகுமுன் என் போனைப் பெட்டிக்குள் வைத்து, போல்ட்டை முடுக்கி, தன் போனிலிருந்து கூப்பிடுவார். மணி அடிக்காவிட்டால் பாஸ். சாப்பிட்டு வந்து மறுபடி கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார்.

"ஒன் போனுக்கு யாருல கூப்புடப் போறா?" என்பார். கேலிதான். ஆனால் சுருக்கென்று தைக்கும்.

மழைக்கு முன்பே என் மனைவி கோபித்துக்கொண்டு திருநெல்வேலிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பகலெல்லாம் அந்த ஒற்றை அறையில் தனியாக இருக்க முடியவில்லை என்றாள்; நான் கத்தினேன். போனவள்தான் கூப்பிடட்டும் என்று வீம்பாக இருந்தேன். தீபாவளி தாண்டியும் அழைப்பு வரவில்லை. அதே அறையில் தனியாக இருந்து பார்த்தபோதுதான் அவள் சொன்னது உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சயான் ஸ்டேஷன் வரை நடந்துபோய், எந்த ரயிலிலும் ஏறாமல் திரும்புவேன்.

ரப்பரைப் போலவே கரண்ட் பாயும் பசையால்தான் அதை ஒட்ட வேண்டும். ஒருநாள் அந்தப் பசை தீர்ந்துவிட்டது. காய்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று சாதா சிலிக்கான் பசையைத் தடவி ரப்பரை ஒட்டிவிட்டேன். மத்தியானம் முதலாளி என் போனை உள்ளே வைத்து மூடியை முடுக்கினார். தன் போனை எடுக்கப் பைக்குள் கைவிட்டார். அதற்குள் பெட்டி அடித்தது.

"நான் இன்னும் கூப்புடவே இல்லையேல!" என்றார்.

போல்ட்டைக் கழற்றுவதற்குள் மணி நின்று, மறுபடி அடித்தது. அவள்தான்.

"இன்னைக்குத்தான் மணி போவுது. எப்பக் கூப்புட்டாலும் ஒரு பொம்பளை இந்தியில பேசுதா. வேணும்னே அணைச்சு வச்சிருக்கீயன்னு நெனச்சேன். இதான் கடைசித் தடவைன்னு இருந்தேன்."

அவள் ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தருவார்களாம். வீட்டில் எல்லோர் முன்னாலும் என்னிடம் பேச அவளுக்கு இஷ்டமில்லை. அவள் கூப்பிட்டதாக மெசேஜ் வந்திருக்கும். ரீசார்ஜ் செய், கடன் வாங்கு என்று வரும் குப்பையோடு அதையும் நான் பார்க்காமல் விட்டிருப்பேன்.

"போனு பெட்டிக்குள்ள இருந்துச்சு," என்றேன்.

"எந்தப் பெட்டிக்குள்ள?"

ரப்பரைப் பற்றிச் சொல்லத் தொடங்குவதற்குள் அவள் கம்பெனியில் சாப்பாட்டு நேரம் முடியும் மணி அடித்துவிட்டது. போனைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டாள்.

பசைக்காக முதலாளி விட்ட வசவை வாங்கிக்கொண்டேன். நான் ஒழுங்காக ஒட்டிய நாளெல்லாம் அவளை வெளியே நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது. முகம் கழுவப் போவதுபோலக் குழாயடிக்குப் போனேன்.

மறுநாள் சரியான பசை போட்டு ஒட்டினேன். முதலாளி வழக்கம்போலக் கையை நீட்டினார்.

"உங்க போனைப் போடுங்க அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். சாப்பாட்டு நேரம் கரைந்துகொண்டிருந்தது, போன் அடிக்கவில்லை. வீம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நானே கூப்பிட்டேன்.

உடனே எடுத்தாள்.

"நீங்க இன்னைக்குப் பெட்டிக்குள்ள போவலையா?" என்றாள்.